பாப்பாவுக்கு என்ன போட்டீங்க

தேங்காயெண்ணெயா? அதெல்லாம் தேய்ச்சுப் பாத்தாச்சுக்கா. செக்குல ஆட்டுன எண்ணெய், வெதுவெதுன்னு காய்ச்சி, உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும். திண்டுக்கல்லுல ஒரு ஆளு பாக்கியில்லாம யோசனை சொல்லியாச்சு. விளக்கெண்ணெய் தடவுன்னு ஒருத்தி, நல்லெண்ணெய்தான் பனிக்குத் தாங்கும்னு ஒருத்தி, வெண்ணெய் வையிம்மான்னு பால்காரரு. அவருக்கு எதுக்குக்கா பச்சப்புள்ள தோலைப் பத்திப் பேச்சு? பாலுல தண்ணி கலக்காம ஊத்துனாப் போதாதா? உங்களச் சொல்லல. நீங்க நல்ல மனசுல சொல்றீக. தப்பா எடுத்துக்கிறாதீக.

ஆமா, உள்ள அழுகுறது எங்க பாப்பாதான். அமலி. ஏழு மாசம் முடியப் போகுது. என் தம்பி மக. எங்க அம்மா பேரு அமலோற்பவம், அவுக போய்ச் சேந்துட்டாக, அந்தப் பேரைத்தான் சுருக்கி வச்சிருக்கு. தம்பி கிளெமென்ட்டும் அவன் பொண்டாட்டி லிடியாவும் டாக்டரம்மாகிட்ட நிக்கிறாக. நானும் கூடத்தான் போனேன். பைய யாரு பாக்குறதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பையில என்ன இருக்கு, ரெண்டு துண்டும் ஒரு பிளாஸ்க்கும். இதைத் தூக்கிட்டுப் போக எவன் காத்துக்கிருக்கான்.

உங்க டோக்கனுக்கு இன்னும் செத்த நேரம் ஆகும், நல்லா சாஞ்சு உக்காருங்க. எங்க பாடே உள்ள இழுத்துக்கிருக்கு. உங்க மகளுக்கு என்ன, சளியா? வடமதுரையிலருந்து இந்தக் காத்துல பஸ்ஸுல கூட்டிட்டு வந்தீகளா? அடியாத்தி, ஜன்னலோரம் உக்கார வைக்காதீக, காதை மூடிக் கட்டுங்க. பாருங்க, நானும் யோசனை சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

இந்த வருசம் பனி சாஸ்திதான். கார்த்திகை முடியிறதுக்குள்ளயே சிறுமலைப் பக்கமிருந்து காத்து இறங்கிருச்சு. எனக்கே கைய நகத்தால இழுத்தா வெள்ளையாக் கோடு விழுகுது. நம்ம தோலே இப்படின்னா அது பச்ச மண்ணு, அது என்ன செய்யும்?

குளிப்பாட்ட ஒரு அம்மா வந்துக்கிருந்தாக, சிவனம்மாள்னு. எங்க தெருவுல பொறந்த பிள்ளைக முக்காவாசி அவுக கையில குளிச்சதுதான். காலை நீட்டி உக்காந்து, கால் மேல பிள்ளையப் போட்டு, எண்ணெய் நீவி, ஆவி பறக்கத் தண்ணிய ஊத்தி, பாசிப்பயறு மாவப் போட்டுத் தேய்ப்பாக பாருங்க, பாத்திரம் விளக்குற மாதிரி. கடைசியில சாம்பிராணி காட்டிக் கையில குடுத்தாகன்னா பாப்பா மதியம் வரைக்கும் அசையாது. பனிக்காலத்துல அம்புட்டுச் சூடு ஆகாதாம், மாவு போட்டுத் தேய்ச்சா தோலுல இருக்கிற பசையும் போயிருமாம். இப்பத்தான் டாக்டரம்மா சொன்னாக. நமக்கு என்னக்கா தெரியும்? நம்மளையெல்லாம் அப்படித்தானே குளிப்பாட்டி விட்டாக.

மொதல்ல கன்னத்துல காசளவுக்கு வெள்ளையாப் பூத்துச்சு. சொன்னா சிரிப்பீக. சிவனம்மாள் அதைப் பாத்துட்டு, தாயி, புள்ளைக்குக் கலரு வருது பாருன்னாக. நானும் வெளிச்சத்துல தூக்கிட்டுப் போயிப் பாத்தேன். ஆமா, வெளுத்த மாதிரிதான் இருக்கு. எனக்கு ஒரே சந்தோசம். சாயங்காலம் லிடியா ஸ்கூல்லருந்து வந்ததும் வாசல்லயே அவகிட்டச் சொல்றேன், ஏலா, பாப்பாவுக்குக் கலரு மாறுதுடின்னு. அவ பைய கீழ வச்சா, கன்னத்தைத் தொட்டா, கலரும் இல்ல ஒண்ணும் இல்ல மதினி, தோலு காஞ்சு போயிருக்குன்னா. தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. காலையிலருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், ஒருக்கா தொட்டுப் பாக்கல.

லிடியா சின்னாளப்பட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரு. காலையில பஸ்ஸப் பிடிச்சாள்னா பொழுது சாயத்தான் வருவா. பாப்பா பகல் பூராம் எங்கிட்டத்தான். நான் வீட்டோடதான் இருக்கேன், பிளவுஸ் தைக்கிறேன். மிஷினுக்குப் பக்கத்துலயே தொட்டில். காலால மிதிக்கிற சத்தம் கேட்டாத்தான் அது தூங்கும், நிப்பாட்டுனா முழிச்சுக்கிரும். துணியே இல்லாம சும்மா மிதிச்சுக்கிருப்பேன் சில நாளு. கிறுக்கின்னு நினைப்பாக பாக்குறவுக.

எனக்கா? இல்லக்கா. கல்யாணமே ஆகல. தம்பிக்கு முடிச்சு வச்சாச்சு. அது ஒரு பெரிய கதை, விடுங்க.

அப்புறம் பனி ஏற ஏற, கன்னம் பூராம் பரவிருச்சு. முட்டியில, முழங்கையில, காது மடல் பின்னாடி. தொட்டா உப்புத்தாளு மாதிரி சொறசொறன்னு. வாய் ஓரம் வெடிச்சு, பால் குடிக்கையில எரியும்போல, குடிச்சுக்கிட்டே அழுகும். என் தோள்ல கன்னத்தைப் போட்டுத் தேய்க்கும், அரிப்புல. தேய்ச்சுத் தேய்ச்சு என் பிளவுஸ்ல ரத்தம் பட்டிருக்கு. லிடியா அவுக ஸ்கூல் டீச்சர் யாருகிட்டயோ கேட்டு ஒரு லோஷன் வாங்கிட்டு வந்தா. சோப்பு, மாவு எதுவும் வேணாம் மதினி, வெதுவெதுன்னு தண்ணி ஊத்திட்டு, ஈரம் காயிறதுக்குள்ள இதைத் தடவி விடுங்கன்னா. இப்ப டாக்டரம்மா சொல்றதும் அச்சு அசல் அதேதான். அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? கடையில விக்கிற கண்டதையும் பச்சப்புள்ளைக்குப் பூசுனா நல்லா இருக்குமாடின்னு கேட்டேன். நான், கேட்டேன். அந்த வாய எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல இப்ப.

நடுவுல நல்லா ஆயிருச்சுக்கா. திடீர்னு ஒரு நாளு சொறசொறப்பு எல்லாம் போயி, கன்னம் மினுமினுன்னு, தொட்டா வழுக்குது. எப்படின்னு கேக்காதீக, ஆயிருச்சு. லிடியாவுக்குத் தலைகால் புரியல. எம் மதினி கை வச்சா எல்லாம் சரியாகும்னு ஸ்கூல் பூராம் சொல்லிட்டு வந்திருக்கா. கிளெமென்ட் அன்னைக்கே போயி கிறிஸ்மஸுக்குப் பாப்பாவுக்கு வெள்ளைல கவுனு வாங்கியாந்துட்டான்.

அதுக்கப்புறந்தான் இந்தக் கூத்து. கன்னம் ரெண்டும் செவக்க ஆரம்பிச்சுச்சு. நல்ல செவப்பு இல்ல, வெந்த மாதிரி. வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாக் குருவு. தோலு மெல்லிசாகி உள்ள நரம்பு தெரியுது. காத்துப் பட்டா வீறிட்டுக் கத்துது. அப்ப வீட்டுல என்ன பேச்சு வரும், யாரு தப்புங்கிற பேச்சுதானே? மொதல்ல சிவனம்மாள் தலையில விடிஞ்சுச்சு. மாவுல என்னத்தையோ கலந்துட்டாகன்னு தம்பி குதிச்சான். அந்த அம்மா வாசப்படியில நின்னுக்கிட்டு, என் பேரன் பேத்திக்குப் போடுற மாவுதான் தாயி இது, நீயாவது சொல்லும்மான்னு என்னையத்தான் பாத்தாக. நான் உள்ள அடுப்புல ஏதோ இருக்கிற மாதிரி போயிட்டேன். மறுநாள்லருந்து அவுக வரல. தெருவுல என்னையப் பாத்தா இப்பவும் நல்லாத்தான் பேசுறாக, பாப்பா எப்படி இருக்குன்னு கேக்குறாக. எனக்குத்தான் நிமிந்து பாக்க முடியல.

அவுகள நிறுத்தியும் சரியாகலையா, அப்புறம் லிடியா. தாயி பக்கத்துல இருந்து பாத்தா இப்படி ஆகுமாங்கிறான் தம்பி. அந்த லோஷன்தான் காரணம்கிறான். நீ பாட்டுக்கு எதையோ வாங்கிப் பூசிட்டு பஸ் ஏறிப் போயிருறங்கிறான். இந்தப் பரீட்சையோட வேலைய எழுதிக் குடுத்துரு, புள்ளைய வளத்தாப் போதும்னு நேத்து முடிவாச் சொல்லிட்டான். அவ ஆசைப்பட்டுப் படிச்ச படிப்புக்கா அது. பாப்பா வயித்துல இருக்கையில கடைசி மாசம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போயிட்டு வந்தவ. நேத்துப் பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு, சரி, விட்டுர்றேன்னா. எம் புள்ளைக்குச் சரியாகட்டும்னா. நான் அங்கனதான் உக்காந்து ஊக்கு தைச்சுக்கிருந்தேன்.

நாத்தனான்னா இப்படித்தான் இருப்பாகன்னு நினைக்காதீகக்கா. எனக்கு அவ மேல ஒரு கோவமும் இல்ல. சத்தியமா இல்ல. அவ நல்ல செவப்பு, பாத்தீகளே, ஆனா அந்தக் கெருவம் அவகிட்ட ஒரு பொட்டு கிடையாது. பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில மொத மொத என் கையிலதான் குடுத்தா. பாருங்க மதினி, உங்க மூக்கு, உங்க நெத்தி, உங்க கலரு, எனக்கு ஒண்ணையுமே விடலன்னு சிரிக்கிறா. அவளுக்கு அது சிரிப்பா வருது. ஆமாக்கா, அப்படியே நான்தான். என் சின்ன வயசு போட்டோவ பக்கத்துல வச்சா எது நான் எது அதுன்னு தம்பிக்கே தெரியாது.

ஞானஸ்நானத்துக்கு வந்தவுகள்ல ஒரு சித்தி, லிடியா வழியில சொந்தம், பிள்ளையக் கையில வாங்குனதும் சொல்லுச்சு. தாயி கலரு இருக்க அத்தை கலரக் கொண்டு வந்துருச்சே, பாவம்னு. கருப்புன்னு சொல்லியிருந்தாக்கூடத் துடைச்சுப் போட்டிருப்பேன். பாவம்னுச்சு. பந்தியில இருந்தவுக பூராம் சிரிச்சாக. நான் வெஞ்சனம் பரிமாறிக்கிருந்தேன். நானும் சிரிச்சேன். கையில கரண்டிய வச்சுக்கிட்டு வேற என்ன செய்றது?

இருங்க, உள்ள என்னமோ சத்தமாப் பேசுறாக. கேக்குதா உங்களுக்கு? டாக்டரம்மா குரலுதான். நான் வெளிய வரும்போதே ஆரம்பிச்சுட்டாக. கன்னத்தைப் பாத்ததும் அவுக மூஞ்சி மாறிருச்சு. இது பனி வறட்சி இல்லம்மா, பாப்பாவுக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டாக. லிடியா எண்ணெயையும் லோஷனையும் சொன்னா, அவ கைப்பையிலருந்து லோஷனை எடுத்துக் காட்டுனா. இது நல்ல லோஷன்தான், இதனால வராது, ஏதோ கிரீம் போட்டிருக்கீங்க, உண்மையச் சொல்லுங்கன்னாக. சத்தியமா இல்ல டாக்டர்னு இவ அழுகுறா. அப்பப் பகல்ல யாரு பாத்துக்கிறதுன்னு கேட்டாக.

அதுக்கு லிடியா என்ன சொன்னா தெரியுமாக்கா? என் மதினி டாக்டர், அவுக என்னையவிட நல்லாப் பாப்பாக, அவுகள மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர்னா. எனக்கு அப்பத்தான் பைய ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்துட்டேன்.

என்ன போட்டிருக்குன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன வைத்தியம் பாப்பேன், இல்லாட்டி ரத்தம் எடுத்துத்தான் பாக்கணும்னு சொல்லிக்கிருந்தாக. பாப்பா கையப் பாத்திருக்கீகளா நீங்க? வளவி கூட நிக்காது. அதுல ஊசியக் குத்தி நரம்பத் தேடணுமாம்.

நீங்க ரொம்ப நேரமா என் மூஞ்சியப் பாக்குறீகக்கா. பரவாயில்ல, பாருங்க. எல்லாரும் பாக்குறதுதான். கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நெத்தி ஓரம் கருகுன மாதிரி. அதனாலதான் முந்தானைய இப்படி இழுத்துப் போட்டுக்கிறது. பொண்ணு பாக்க வந்துக்கிருந்த காலத்துல ஆரம்பிச்சது. வந்தாக, பஜ்ஜி தின்னாக, போனாக. ஒருத்தரு, போட்டோவுல பொண்ணு வேற மாதிரி இருந்துச்சேன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு, எங்க அம்மா அவருக்குக் காப்பிய நீட்டிக்கிருக்காக. அப்பத்தான் பார்லர் வச்சிருந்த ஒரு பிள்ளை ஒரு கிரீம் டியூப் குடுத்துச்சு. மெடிக்கல்ல கேட்டா டாக்டர் சீட்டு இல்லாமலே தருவாகக்கா, பேரைச் சொன்னாப் போதும். போட்டுப் பாருங்க, கண்ணாடியப் பாத்து நீங்களே மயங்கிருவீகன்னுச்சு. நிசமாவே மயங்கிட்டேன். பத்து நாள்ல மூஞ்சி அப்படியே கலரு ஏறிருச்சு. அம்மா நெட்டி முறிச்சாக.

அப்புறம் விடுறதுக்கு முடியல. ஒரு நாள் போடலைன்னா எரியும், வெயில்ல நின்னா வெந்துரும், குருவு குருவாக் கிளம்பும். மறுபடி போட்டா அடங்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வர்றது நின்னு போச்சு, கிரீம் நிக்கல. யாருக்கும் தெரியாது. மிஷின் டிராயருல ஊசி நூலுக்குள்ள கிடக்கும்.

இப்பப் புரிஞ்சிருச்சு உங்களுக்கு. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

நான்தான்க்கா. நான்தான் போட்டேன்.

அன்னைக்கு லிடியா ஸ்கூலுக்குப் போயிட்டா. பாப்பா கன்னம் வெடிச்சு ரத்தம் கசியுது, விடாம அழுகுது. எண்ணெய் தடவுறேன், இன்னும் சாஸ்தியாக் கத்துது. தோள்ல போட்டு நடக்குறேன், மிஷினை மிதிக்கிறேன், என்னென்னமோ பண்றேன், அடங்கல. என் மூஞ்சி எரியும்போது இந்தக் கிரீமு போட்டா அடங்குதுல்ல, பாப்பாவுக்கும் அடங்கும்னு தோணுச்சு. கடுகளவு எடுத்து ரெண்டு கன்னத்துலயும் தொட்டு வச்சேன். செத்த நேரத்துல தூங்கிருச்சுக்கா. அழுதழுது ஓய்ஞ்ச தூக்கம் இல்ல, நல்ல தூக்கம். நான் பக்கத்துல உக்காந்து அழுதேன், மாதாவே ஒனக்கு ஸ்தோத்திரம்னு.

விசம்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். என் மூஞ்சி இருக்கே, தெனமும் கண்ணாடியில பாக்குறேனே. பச்சப்புள்ளைக்குக் கடுகளவுதானே, அது என்ன செஞ்சுரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சாயங்காலம் லிடியா வர்றதுக்குள்ள துணியால துடைச்சு விட்டுருவேன். துடைச்சேன் பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கு அது தப்புன்னு. நல்ல காரியம் செஞ்சா எதுக்குத் துடைக்கணும்?

செவக்க ஆரம்பிச்சதும் பயந்துபோய் நிப்பாட்டுனேன். நிப்பாட்டுனதும் பொங்கிருச்சு. எனக்கு எப்படி ஆகுமோ அதேதான், அந்தச் சின்ன மூஞ்சியில. தொட்டில்ல குனிஞ்சா என் மூஞ்சி தெரியுதுக்கா. கலரு மட்டும் இல்ல, இந்தக் கருமாந்திரமும் சேந்து தெரியுது. வெக்கமா இருக்கு. உங்ககிட்டச் சொல்லக்கூட வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நீங்க வடமதுரைக்குப் போயிருவீக. நாளைக்கு நான் உங்க மூஞ்சியில முழிக்க வேணாம். அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இனிமே அந்தப் பிள்ளைய என் கையில குடுப்பாளா? நீங்களா இருந்தாக் குடுப்பீகளா? வேணாம், சொல்லாதீக.

என்னக்கா சொல்றீக?

ஆமா. அப்படிச் சொல்லலாம். வறட்சிக்குத்தான் போட்டேன், பிள்ளை அழுகுறதப் பாத்து மனசு தாங்கல, தெரியாமப் போட்டுட்டேன்னு சொன்னா யாரு என்னைய என்ன சொல்லிரப் போறா? தம்பி ரெண்டு சத்தம் போட்டுட்டு அடங்கிருவான். லிடியாவே, விடுங்க மதினி, நல்லதுக்குத்தானே செஞ்சீகன்னு என் கையப் பிடிச்சுக்கிருவா. அவ அப்படித்தான். வேலைய விடவும் வேண்டியதில்ல, சிவனம்மாள் வீட்டுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டும் வந்துரலாம். இங்க வந்து உக்காந்ததுலருந்து நானும் அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிருக்கேன். எனக்கே நம்பிக்கை வந்துரும்போல இருக்கு.

அந்தா நர்ஸ் தட்டைத் தூக்கிட்டு வாராக. பஞ்சு, ஊசி எல்லாம் இருக்கு. எங்க பாப்பாவுக்குத்தான்.

யம்மா, யம்மா, செத்த நில்லுங்க. அமலிக்குத்தானே? இப்பக் குத்திராதீக, நான் டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அத்தைதான். ஆமா, என்ன போட்டதுன்னு எனக்குத் தெரியும். நீங்க போங்க, பின்னாடியே வாரேன்.

இந்தப் பையப் பாத்துக்கங்கக்கா. செத்த கையக் குடுங்க, எந்திரிக்கணும்.

டாக்டரம்மா விவரமானவுக. எப்பலருந்து எப்ப வரைக்கும் போட்டீங்கன்னு கேப்பாகல்ல? வறட்சி மறுநாளே போயிருச்சுக்கா. கன்னம் வழவழன்னு ஆயிருச்சு, அப்பத் தொட்டுப் பாத்தேன். அதுக்கப்புறமும் லிடியா பஸ் ஏறுனதும் தெனமும் எடுத்துப் போட்டேன். அது வறட்சிக்கு இல்ல. பிள்ளை என்னைய மாதிரி இருந்துச்சு, அதுக்குத்தான் போட்டேன்.